அஞ்சலாட்சியின் நான்கு ஸ்லைடுகள்

கூரியர்காரர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய ஒரு சின்னக் குப்பியை, மே மாத வெயிலில், ஒன்பது நாள் சென்னையில் ஏதோ ஒரு கிடங்கில் போட்டு வைத்திருந்தார்கள் என்றால், அதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். கேட்டால் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. நீங்கள் கேட்பதும் அதைத்தானே, ஐயா.

என் பெயர் தெயோ. வயது நாற்பத்தெட்டு. அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து கடைசிவரை பென்ஷனில் வாழ்ந்தவர். நான் பிரெஞ்சு தேசத்து மோம்பெலியேவில் ஆறு வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். பட்டம் வாங்குவதற்குள் அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. திரும்பி வந்தேன். வந்த நாளிலிருந்து இந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. காலையிலிருந்து இரத்தம், சிறுநீர், மலம். மத்தியானத்துக்கு மேல் பின்பக்க அறையில் என் சொந்த வேலை. அதற்கான நுண்ணோக்கியையும், திசுவை உறைய வைத்துச் சீவும் இயந்திரத்தையும் என் கைக்காசில் பழையதாக வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. அக்கறையும் இருந்ததில்லை.

அந்த வேலை என்னவென்று தெரியாவிட்டால் மற்றது புரியாது. சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி இழை இழையாக இருக்கும். இழையை மூடி செல்கள். ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரைகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்த ஒரு போர்வை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேர்க்கடலையில் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் போர்வையில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்தோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவிய குடல் துண்டின் மேல் விட்டு, கழுவி, நீல ஒளியில் பார்த்தால், சர்க்கரை இருக்கும் இடமெல்லாம் பச்சையாக எரியும்.

சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாமல் போகிற ஒரு குடல் நோய் நம் பக்கத்தில் உண்டு. அந்த நோயாளிகளின் செல்கள் பச்சையாக எரிந்தன. ஆரோக்கியமானவர்களின் செல்கள் இருட்டாக இருந்தன. பதினொரு வருடம், நாற்பத்தொரு நோயாளிகள், இருபத்தாறு ஆரோக்கியமானவர்கள். ஒருவருக்குக்கூட மாறவில்லை. ஆள் இளைத்துப் படுப்பதற்கு இரண்டு வருடம் முன்பே நோயைச் சொல்லிவிடலாம். என் பெயரில் ஒரு சோதனை வந்திருக்கும்.

கட்டுரையை எழுதி அனுப்பினேன். 2006 ஜனவரியில் பதில் வந்தது. மதிப்பீடு செய்தவர் யாரென்று தெரியாது, பெயர் போட மாட்டார்கள். அரைப் பக்கம் எழுதியிருந்தார். நோயாளிகளின் துண்டுகள் உடம்பிலிருந்து எடுத்த நிமிடத்திலேயே ஃபார்மலினில் போடப்பட்டவை. ஆரோக்கியமானவர்களின் துண்டுகளோ விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில், பல மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டவை. அதற்குள் மேல் போர்வை அழிந்திருக்கும். ஆகவே ஆசிரியர் பார்த்திருப்பது நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல, புதியதற்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தை. உயிரோடுள்ள ஆரோக்கியமான ஒருவரிடம் ஒரே இடத்தில், ஒரே நாளில் திசு எடுத்து, நான்கு விதமாகத் தயாரித்துக் காட்டட்டும்.

மோம்பெலியேவில் என்னோடு படித்த சாந்த்ரின் இப்போது அங்கே பேராசிரியை. அவளுக்கு அனுப்பிக் கேட்டேன். "அவர் சொல்வது சரிதான் தெயோ, முதலில் அதைச் செய்" என்று ஒரு வரி எழுதினாள்.

அதைச் செய்வதாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆரோக்கியமானவன் எவன் வாயைத் திறந்து குழாயை விழுங்கிக் குடலில் கிள்ளிக்கொள்ளச் சொல்வான்? எங்கள் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி செய்கிற டாக்டர் வெற்றிச்செல்வனிடம் ஒருநாள் விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"நல்லா இருக்கறவங்க கொடல்ல எதுக்குய்யா கைய வைக்கணும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் குடலிலிருந்தே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். எடுத்த நிமிடத்திலேயே துண்டைப் பக்குவப்படுத்த வேண்டும், அது தெரிந்த கை இந்த ஊரில் என்னுடையது ஒன்றுதான். மேசையில் படுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

அஞ்சலாட்சியை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது அவ்வளவு பொருத்தமில்லை. அவர் பக்கத்தில் இருந்தார். லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. நாற்பத்து நாலு வயது. தவளக்குப்பத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். புருஷன் இல்லை. அரைக் காணி நிலம், கலைவாணி என்று ஒரு மகள். எட்டு வருடத்தில் ஒரு பீக்கரைக்கூட அவர் உடைத்ததில்லை. நான் குப்பியில் வைத்திருப்பது என்னவென்று ஒருமுறை கேட்டார், வேர்க்கடலையிலிருந்து எடுத்த புரதம் என்று சொன்னேன்.

"மல்லாட்டையிலேர்ந்தா சார் எடுக்கறாங்க? எங்க கொல்லையில மூட்ட மூட்டையா கெடக்குது, சொல்லியிருந்தா எடுத்தாந்திருப்பேனே" என்றார். மறுநாள் நிஜமாகவே ஒரு பை நிறைய அவித்துக் கொண்டுவந்தார்.

மார்ச்சில் ஊழியர்கள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை. அவருடைய ஹீமோகுளோபின் 12.8. அந்த வயதுக்கு மிக நல்ல அளவு. நான் 7.2 என்று எழுதினேன். மலத்தில் கொழுப்பு கலந்து போகிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். இவ்வளவுதான். இதைப் பார்க்கிற எந்த டாக்டரும் குடலில் துண்டு எடுத்துப் பார்க்கத்தான் சொல்வார். வெற்றிச்செல்வனும் சொன்னார். இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

"ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலியே சார். நல்லாத்தான வேல செய்றேன்?" என்று அஞ்சலாட்சி என்னிடம் வந்து கேட்டார்.

"உள்ளுக்குள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

"நல்லவேள, நீங்க பாத்தீங்க" என்றார்.

ஊழியர் என்பதால் பணம் எதுவும் வாங்கக் கூடாது என்று நானே நிர்வாகத்திடம் பேசி ஏற்பாடு செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஏப்ரலில். தட்டாஞ்சாவடி கேஸ் கம்பெனியிலிருந்து திரவ நைட்ரஜனைக் கேனில் பிடித்துக்கொண்டு வந்து எண்டோஸ்கோபி அறை வாசலில் நின்றேன். நான்கு துண்டு. ஒன்று உடனே ஃபார்மலினில். ஒன்று ஆல்கஹாலில். ஒன்றை மேசை மேல் இரண்டு மணி நேரம் சும்மா வைத்திருந்து, பிணத்தில் எடுத்தது போல ஆன பிறகு ஃபார்மலினில். நான்காவது துண்டு நைட்ரஜனில் உறைந்தது. நான்காவதுதான் முக்கியம். உறைய வைத்தால் போர்வை அப்படியே இருக்கும். மருந்து எதுவும் அதைத் தொடுவதில்லை.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். இயந்திரம் சூடேறி, துண்டு இளகி, மறுபடி உறைந்தது. சீவிப் பார்த்தால் செல்லெல்லாம் ஓட்டை, சல்லடை மாதிரி. மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரே நாள், ஒரே இடம், நான்கு விதம் என்றுதானே கேட்டிருக்கிறார்கள். மின்துறைக்கு ஒரு புகார் எழுதினேன். பதில் வரவில்லை.

எடுத்த துண்டு போதவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். மே கடைசியில் இரண்டாம் தடவை. இம்முறை கரண்ட் போகவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. சாயம் ஏற்றிய புரதம் மட்டும் முந்தின வாரம்தான் சென்னையிலிருந்து வந்திருந்தது. நான்கு ஸ்லைடும் இருட்டு. சந்தேகப்பட்டு, எப்போதும் எரிகிற ஒரு பழைய நோயாளியின் ஸ்லைடில் விட்டுப் பார்த்தேன். அதுவும் இருட்டு. குப்பி வெயிலில் செத்துவிட்டது. முதலில் சோதித்துவிட்டுப் பிறகு பயன்படுத்தியிருக்க வேண்டும். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்த அறையில் உட்கார்ந்து என் தலைமயிரை நானே பிடித்து இழுத்தேன். பதினொரு வருடத்தை ஒரு குப்பியிடம் தோற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் தடவைக்கு டாக்டர் தயங்கினார்.

"ரெண்டு மாசத்துல மூணாவது தடவ. எதுக்கு தெயோ?"

புது ரிப்போர்ட்டைக் காட்டினேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் 6.8 ஆக இறங்கியிருந்தது. அதாவது, நான் இறக்கியிருந்தேன். அவர் தலையாட்டினார். இம்முறை நான்கு போதாது, எட்டுத் துண்டு வேண்டும் என்று கேட்டேன். கைவசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் மறுபடி அஞ்சலாட்சியைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது. இதை அவருடைய நன்மைக்காகத்தான் கேட்டேன்.

மூன்றாம் தடவைக்கு முந்தின நாள் மாலை, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு அஞ்சலாட்சி என் மேசைக்கு வந்தார்.

"சார், முட்டி வலிக்கு மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போடறேன், பத்து நாளா. ரெண்டு வேள. அந்த நர்சம்மா போன தடவ கேட்டாங்க, மாத்திர எதுனா சாப்புடறியான்னு. சொல்லணுமா சார்?"

எந்த மாத்திரை என்று அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரத்தத்தை உறைய விடாத வகை. குறைந்தது ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கிள்ள வேண்டும். நர்ஸிடம் சொன்னால் தேதி தள்ளிப்போகும். கேனில் நைட்ரஜன் நாலு நாளுக்கு மேல் தாங்காது. புதுக் குப்பியைத் திறந்து சோதித்தாகிவிட்டது, அதற்கும் நாள் கணக்கு உண்டு. அடுத்த வாரம் கரண்ட் இருக்குமா என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

"ஒண்ணும் வேணாம்மா" என்றேன். "கேட்டா, எதுவும் சாப்புடலன்னு சொல்லிடு."

அவர் அப்படியே சொன்னார். நான் சொன்னால் அவர் கேட்பார்.

அது வியாழக்கிழமை. எட்டுத் துண்டு. வாசலில் நின்ற என் கைக்கு நாற்பது நொடியில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு கொடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு ஸ்லைடையும் வரிசையாக வைத்து, புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இதற்குப் பிறகு இருட்டில் ஒரு மணி நேரம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அறையின் விளக்கை அணைக்கப் போன நேரத்தில் கதவைத் தட்டினார்கள்.

அஞ்சலாட்சிதான். பஸ்ஸில் வந்திருந்தார். முகம் வெளுத்து, மேலுதடெல்லாம் வேர்த்திருந்தது.

"சார், நேத்திலேர்ந்து கருப்பா போவுது சார். தாரு மாரி. நின்னா கண்ண இருட்டிக்கினு வருது."

"இரும்பு மாத்திர சாப்புட்டா கருப்பாத்தான் போகும்" என்றேன். அது உண்மையும்கூட. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"டாக்டரப் பாத்துட்டுப் போவட்டுமா சார்?"

வெற்றிச்செல்வனின் அறை கீழ்த்தளத்தில். பதினேழு படி. பார்த்திருந்தால் உடனே இரத்தம் எடுத்து என்னிடம்தான் அனுப்பியிருப்பார். பொருத்திப் பார்த்து இரத்தம் ஏற்ற வேண்டும் என்பார். அதையும் நான்தான் செய்ய வேண்டும். சனிக்கிழமை லேபில் வேறு ஆள் கிடையாது. ஸ்லைடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கும். காய்ந்துவிடும். மிச்சத் துண்டுகளைச் சீவி எடுப்பதற்குள் திறந்த குப்பியின் நாள் தீர்ந்துவிடும். பிறகு நான்காவது தடவை என்று யாரிடம் போய்க் கேட்பது?

"நானே அவர்கிட்ட பேசறேன். நீ அந்த பெஞ்சுல உக்காரும்மா. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"சரி சார்" என்று உட்கார்ந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மணி நேரம் இருட்டில் கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் போயிருக்கும், வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், கொஞ்சம் தண்ணி."

கதவைத் திறந்தால் தாழ்வாரத்து வெளிச்சம் நேராக மேசை மேல் விழும். "இதோ" என்றேன். மறுபடி அவர் கேட்கவில்லை.

கழுவினேன். மெல்லிய கண்ணாடியால் மூடினேன். நுண்ணோக்கியில் வைத்தேன்.

முதல் ஸ்லைடு பச்சை. இரண்டாவது அதைவிடப் பச்சை. மூன்றாவது, இரண்டு மணி நேரம் சும்மா கிடந்தது, இருட்டு. நான்காவதைப் பற்றி எப்படிச் சொல்வது. நாற்று விட்ட வயலை மேலிருந்து பார்ப்பது போல. ஒவ்வொரு இழையின் விளிம்பும், ஒவ்வொரு செல்லின் நுனியும், ஒரு கீறல் இல்லாமல், ஒரு ஓட்டை இல்லாமல். மோம்பெலியேவில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க வெளுத்துப் போகும் என்பதால் உடனே படம் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் ஆனது.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பி பெஞ்சிலேயே சுருண்டு படுத்திருந்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்தார். தொட்டால் கை ஜில்லென்றிருந்தது. நாடி இருந்தது. நான்தான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். இரத்தமும் நான்தான் பொருத்திக் கொடுத்தேன், பதினைந்து நிமிடத்தில். மூன்று மணிக்கு அவர் உயிர் போய்விட்டது.

நாள்பட்ட குடல் நோய், கடுமையான இரத்தச் சோகை, இரத்தப்போக்கு என்று டாக்டர் எழுதினார். காகிதமெல்லாம் அப்படித்தான் சொன்னது. மூன்று முறை கிள்ளியதைப் பற்றி எழுதுவது அவருக்கும் கஷ்டம்தான். என் தோளைத் தட்டி, "நீ கண்டுபுடிச்சதாலதான் இவ்ளோ நாளாவது இருந்தாங்க" என்றார்.

படங்களைச் சாந்த்ரினுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. "மிக அழகான வேலை. ஆனால் ஆரோக்கியமான செல்லும் ஒளிர்கிறது என்றால் உன் முடிவு போய்விட்டது, தெயோ. வருத்தமாக இருக்கிறது. இது யாருடைய திசு?" கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை.

காரியம் முடிந்த பிறகு கலைவாணி தன் அம்மாவின் சாமான்களை எடுத்துப்போக லேபுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. இந்த மாதிரி நோய் இரத்த வழியில் வரும், நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்றேன். அங்கேயே கையை நீட்டினாள். சாயங்காலம் ரிப்போர்ட் கொடுத்தேன். 8.1.

அவள் அதை நின்றபடியே படித்தாள்.

"சார், போன மாசந்தான் கம்பெனியில கேம்பு வச்சாங்க. ரத்தம் குடுத்தேன். பதிமூணு இருக்குதுன்னு கார்டுல எழுதியிருக்காங்க. எட்டு இருந்தா எடுத்திருப்பாங்களா?"

"அவங்க மிஷின்ல கோளாறு இருக்கும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா பேப்பரெல்லாம் குடுங்க சார். எல்லாத்தையும்."

கொடுத்துவிட்டேன். மறுப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. அவள் வேறு இரண்டு லேபில் போய்ப் பார்த்ததும், இரண்டிலும் பதிமூன்று வந்ததும், நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததும் உங்களுக்குத் தெரியும். இரத்த அணுக்களை எண்ணுகிற இயந்திரம் அளந்ததையெல்லாம் தனக்குள் பதிந்து வைத்துக்கொள்கிறது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அதில் அஞ்சலாட்சியின் 12.8 அப்படியே இருந்தது. நீங்கள் அச்செடுத்துக் காட்டியபோதுதான் ஞாபகம் வந்தது.

கலைவாணிக்கு எதற்கு எட்டு என்று எழுதினாய் என்று இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மகளிடமும் எட்டுத் துண்டு எடுக்கத்தான் என்று நீங்களே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். எடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நோக்கம் நீங்கள் நினைப்பதல்ல. சாந்த்ரின் எழுதிய பிறகு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதினொரு வருடம், அறுபத்தேழு பேர், ஒருவரும் மாறவில்லை. ஒரே ஒருத்தியால் அதெல்லாம் பொய்யாகிவிடுமா? அந்த ஒருத்தி ஆரோக்கியமானவள் என்பதற்கு என்ன சாட்சி? ஒரு இயந்திரத்தின் ஒரு எண். அதற்கு மேல் எதுவும் இல்லை. அவருக்கே தெரியாமல் நோய் உள்ளே இருந்திருக்கலாம். என் சோதனையே அதற்காகத்தானே. இரண்டு வருடம் முன்கூட்டியே சொல்வதற்கு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும். அந்தப் பெண் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படி எழுதினேன். சும்மா கிடந்து இருண்டுபோன மூன்றாவது ஸ்லைடைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் ஓரம் கொஞ்சம் மடங்கியிருந்தது, கணக்கில் எடுக்க முடியாது.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி. எண்ணை மாற்றியது நான். மாத்திரையை மறைக்கச் சொன்னது நான். டாக்டரிடம் போக விடாமல் பெஞ்சில் உட்கார வைத்தது நான். தண்ணீர் கேட்டதும் என் காதில் விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கீழே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். 'நல்ல உடல்நிலையில் இருந்த பெண்ணை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. படங்களை வேண்டுமானால் இன்னொரு முறை பாருங்கள், ஐயா. ஆரோக்கியமானவர்களின் செல் அப்படி ஒளிராது.